பதில்: உடலுழைப்பா, உடலியக்கமா? மாற்றுத்திறனாளிகள் ஆய்வுக்கு ஒரு சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மாற்றுத்திறனாளிகள் ஆய்வுக்கான கேள்விப் படிவத்தில் ‘ஃபிசிக்கல் ஆக்டிவிட்டி’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று நேற்று நீங்கள் எழுதிய மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். அதற்கு 1985-இல் காஸ்பர்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் தந்த வரையறைதான் இன்றும் ஆய்வுகளில் புழங்குகிறது. எலும்புத் தசைகளால் உடம்பு அசைந்து, அதனால் ஆற்றல் செலவாக வேண்டும், அவ்வளவுதான். திட்டமிட்டுத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி அதில் ஒரு பகுதி மட்டுமே. ஆகவே ‘உடற்பயிற்சி’யை விட்டுவிடலாம்.

> ‘உடலுழைப்பு’ எல்லாருக்கும் புரியுமே, எதற்குப் புதுச்சொல்?

புரியும். ஆனால் குமரி மாவட்டத்தில் உழைப்பு என்றதும் ரப்பர் பால்வெட்டும் கட்டட வேலையும்தான் நினைவுக்கு வரும். அதாவது கூலி கிடைப்பது. வீட்டில் இருக்கும் ஒருவரிடம் “எவ்வளவு உழைக்கிறீர்கள்” என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் அம்மா முந்திக்கொண்டு “அவன் எங்க உழைக்கான்” என்று சொல்லிவிடுவார். அந்தப் பிள்ளை கையை ஊன்றி நகர்ந்து போய்க் குளித்துவிட்டு வந்தது கணக்கில் வராது. கேள்வியே அவரைக் குறைத்துப் பேசுவதாக இருக்கக் கூடாது.

மார்த்தாண்டம் பக்கம் ஒருவர், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் குடை பழுதுபார்க்கப் போகிறவர். ஏற்றமும் இறக்கமுமான சாலை. வண்டியின் கைப்பிடியில் பழைய சைக்கிள் ட்யூப் சுற்றியிருக்கிறது, அப்படியும் உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. ஏற்றம் ஏறி முடிக்கையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வினாத்தாளில் பயணம் பற்றி ஒரு கேள்வி உண்டு: ஓரிடத்துக்குப் போகவர, பத்து நிமிடமாவது தொடர்ந்து நடப்பீர்களா, அல்லது சைக்கிளில் போவீர்களா? அவர் சொன்ன பதில்: “நான் எங்க நடக்கேன்? இல்லன்னு போடுங்க.” அவ்வளவு வியர்வைக்கும் அந்த வரியில் பூஜ்யம். சொல் தேடும்போது எனக்கு இவர்தான் அளவுகோல். இவருடைய காலை நேரத்தை உள்ளே எடுத்துக்கொள்ளாத எந்தச் சொல்லும் வேண்டாம்.

> ‘உடல்வினை’ சுருக்கமாக, அழகாக இருக்கிறது.

வேண்டவே வேண்டாம். முன்வினை, வினைப்பயன் என்று கேட்டுக் கேட்டு மனம் நொந்தவர்களிடம் இந்தச் சொல்லோடு போய் நிற்க முடியாது.

‘உடற்செயல்பாடு’ பரவாயில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2001-ஆம் ஆண்டு உடல்திறன், குறைபாடு பற்றிய வகைப்பாட்டில் உடலின் உள்செயல்கள், ஒருவர் செய்யும் செயல், சமூகத்தில் பங்கேற்பு என்று மூன்றும் தனித்தனி. முதலாவதற்கு இந்தச் சொல் தேவைப்படும். ‘உடலியக்கம்’ உடலியங்கியலோடு (ஃபிசியாலஜி) குழம்பும். அதைவிட, “மாற்றுத்திறனாளிகளின் இயக்கம் பற்றிய ஆய்வு” என்று தலைப்பிட்டால் உரிமைக்குப் போராடும் அமைப்பைப் பற்றியது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

என் பரிந்துரை உடலசைவு. தானே அசைந்தால் அசைவு. இயன்முறை மருத்துவர் காலைப் பிடித்து மடக்கி நீட்டினால் அது அசைப்பு. இந்த ஆய்வுகளில் இரண்டையும் பிரித்தாக வேண்டும், அந்த வேறுபாட்டைத் தமிழ் தன்வினை பிறவினையிலேயே வைத்திருக்கிறது. கண் இமைப்பதும் அசைவுதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆற்றல் செலவு என்பது வரையறையில் இருக்கட்டும், சொல்லே எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை.

அடுத்து ‘செடன்டரி’. விழித்திருக்கும்போது உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ 1.5 மெட் அளவுக்கு மேல் ஆற்றல் செலவாகாத நேரம் என்பது வரையறை (சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றல்தான் ஒரு மெட்). இதை ‘அமர்ந்திருத்தல்’ என்று போட்டால் சக்கர நாற்காலியில் இருப்பவர் நாள் முழுக்க அதிலேயே மாட்டிக்கொள்வார், எவ்வளவு தூரம் உருட்டினாலும் சரி. ‘அசைவற்ற பொழுது’ என்கிறேன். நம்மூர் ஆட்களிடம் வாயால் கேட்கும்போது “எம்புட்டு நேரம் அனக்கமில்லாம இருப்பிய?” என்றால் போதும். அசைவைக் குறிக்கும் அனக்கம் என்ற சொல் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

காலடிக் கணக்குக்கும் மாற்று வேண்டும். ஆப்பிள் கைக்கடிகாரம் 2016-இலேயே சக்கர நாற்காலிக்காரர்களுக்குக் காலடிக்குப் பதில் சக்கரத்தைக் கையால் உருட்டுவதை எண்ணத் தொடங்கிவிட்டது. ‘தள்ளல்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். தள்ளுவது பின்னால் நிற்பவர், உந்துவது உட்கார்ந்திருப்பவர். ‘உந்தல் எண்ணிக்கை’ என்று வைக்கலாம்.

2020-இல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல், மாற்றுத்திறனாளிகளுக்கென்று முதன்முறையாகத் தனிப் பரிந்துரை கொடுத்தது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு, அல்லது 75 முதல் 150 நிமிடம் ‘விகரஸ்’ உடலசைவு. இந்த இரண்டாவதற்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘கடுமையான’, ‘தீவிரமான’ இரண்டும் குறைபாட்டின் அளவைச் சொல்லவும் வருகின்றன; ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் படிப்பவர் தடுமாறுவார். தற்காலிகமாக ‘மூச்சிரைக்கும் உடலசைவு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று படிவம் அச்சுக்குப் போகிறது.