27.5 ஹார்ட்டெயில்: ஃபோர்க்கை 140 ஆக்கலாமா, முன்னால் மட்டும் 29 வீல் போடலாமா?

ஏற்றம்இறக்கம்:

வணக்கம். என்னிடம் இருப்பது அலுமினிய ஹார்ட்டெயில் (பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத மலை சைக்கிள்), 27.5 அங்குல வீல், 2.1 அங்குல டயர். முன்னால் சன்டூர் எக்ஸ்சிடி, 100 மி.மீ. அமுங்கும் காயில் ஸ்ப்ரிங் ஃபோர்க், 9 மி.மீ. குயிக் ரிலீஸ் ஆக்ஸில். உயரம் 165 செ.மீ., எடை 68 கிலோ. ஓட்டுவது கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளில். உருட்டுக்கல், வேர், நடுநடுவே முழ அகல வாய்க்கால்.

வேகமாக இறங்கினால் முன்வீல் தரையில் நிற்பதில்லை, துள்ளுகிறது. ஒவ்வொரு கல்லைத் தாண்டியதும் ஃபோர்க் மேலே போய் 'டொக்' என்று இடிக்கிறது. ப்ரீலோட் குமிழை இரண்டு பக்கமும் கடைசிவரை திருகிப் பார்த்தாயிற்று, மாற்றம் இல்லை. 140 மி.மீ. ஏர் ஃபோர்க் (ஸ்ப்ரிங்குக்குப் பதில் காற்று) போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். முன்னால் 29 வீல் போட்டால் கல்லெல்லாம் தெரியவே தெரியாது என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்க?

ஸ்போக்கம்பி:

அந்த 'டொக்'கிலேயே பதில் இருக்கிறது. அமுங்கிய ஸ்ப்ரிங் திரும்பி வரும்போது அதைப் பிடித்து மெதுவாக விட ஆள் இல்லை. அந்த வேலை ரீபவுண்ட் டேம்பருடையது. அதைத் திருத்தும் குமிழே உங்கள் ஃபோர்க்கில் கிடையாது. ப்ரீலோட் குமிழ் ஸ்ப்ரிங்கைக் கொஞ்சம் முன்கூட்டியே அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். ஸ்ப்ரிங்கின் கடினம் மாறாது, திரும்பும் வேகமும் மாறாது. ஆக உங்களுக்குக் குறைவது டேம்பிங். டிராவல், அதாவது ஃபோர்க் அமுங்கும் தூரம், அடுத்த கேள்விதான்.

140 வேண்டவே வேண்டாம். ஃபோர்க் 20 மி.மீ. நீண்டால் ஹெட் ஆங்கிள் (ஃபோர்க்கின் சாய்வு) ஏறக்குறைய 1 டிகிரி சாயும், சீட் ஆங்கிளும் (சீட் குழாயின் சாய்வு) அதே அளவு பின்னால் போகும். 40 மி.மீ. என்றால் 2 டிகிரி. இறக்கத்தில் அது சுகமாக இருக்கலாம். கோத்தகிரி ஏற்றத்தில் முன்வீல் லேசாகி, பிடித்த கோட்டில் நிற்காமல் அலையும். அதைவிட முக்கியம், 100 மி.மீ.க்கு வடிவமைத்த ஃப்ரேமில் நீண்ட ஃபோர்க் கடப்பாரை மாதிரி நெம்பும். விரிசல் விழும் இடம் பெரும்பாலும் ஹெட் ட்யூபுக்கும் (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) டவுன் ட்யூபுக்கும் (அதிலிருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாய்) நடுவே உள்ள வெல்டிங். 120 வரை போகலாம், அதுவும் உங்கள் ஃப்ரேம் கம்பெனி அனுமதித்தால்.

ஃபோர்க் தேடுமுன் வெர்னியர் ஒன்றைக் கையில் எடுங்கள். ஹெட்செட் கப்பை (ஃபோர்க் திரும்பும் பேரிங்கின் கிண்ணம்) கழற்றிவிட்டு ஹெட் ட்யூபின் உள்விட்டத்தை மேலும் கீழும் அளங்கள். இரண்டும் 34 மி.மீ. என்றால் 1⅛ அங்குல நேர் ஸ்டீயரர் (ஹெட் ட்யூபுக்குள் போகும் ஃபோர்க் தண்டு) மட்டும்தான் போகும், பேச்சுக்கே இடமில்லை. மேலே 44, கீழே 56 என்றால் டேப்பர் (கீழே 1½ அங்குலமாக விரியும் ஸ்டீயரர்) அப்படியே உட்காரும். இரண்டும் 44 என்றால் வழி இருக்கிறது, ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. அளவைச் சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.

அறுநூற்றிருபத்திரண்டு:

வீல் விஷயம். ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 26-க்கு 559, 27.5-க்கு 584, 29-க்கு 622 மி.மீ. 27.5 என்ற பெயரைப் பார்த்து அது 26-க்கும் 29-க்கும் சரிபாதி என்று நினைப்பார்கள். உண்மையில் 26 பக்கம்தான் ஒட்டி நிற்கிறது.

இப்போது இருக்கும் 27.5 ஃபோர்க்கில் 29 வீலைத் திணிக்காதீர்கள். ஒரே அகல டயரில் ஆரம் 19 மி.மீ. கூடுகிறது. நிற்கும்போது சுற்றும், உரசாது, அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஃபோர்க் முழுவதும் அமுங்கும்போது டயர் போய் கிரவுனில் (ஃபோர்க்கின் இரு கால்களும் மேலே சேரும் இடம்) முட்டும். வீல் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். நீங்கள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போவீர்கள். எந்த ஃபோர்க்கில் எந்த டயர் போட்டாலும் ஏர் ஃபோர்க்கில் காற்றை முழுவதும் இறக்கி, காயிலில் ஸ்ப்ரிங்கை வெளியே எடுத்து, அடிவரை அமுக்கி இடைவெளியைப் பாருங்கள். சேறு ஒட்டும் கனத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

29-க்கான ஃபோர்க்கே வாங்கினால்? அதே 100 மி.மீ. டிராவலுக்கு அது 27.5 ஃபோர்க்கைவிட ஏறக்குறைய 2 செ.மீ. நீளம். வீலின் 19 மி.மீ. தனி. இரண்டும் சேர்ந்தால் மேலே சொன்ன 140-இன் கதைதான் திரும்ப வரும்.

'கல்லே தெரியாது' என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 செ.மீ. உயரக் கல்லில் 2.25 டயர் மோதும் கோணம் 27.5-இல் சுமார் 44.5 டிகிரி, 29-இல் சுமார் 43.3. வித்தியாசம் 1 டிகிரிக்குச் சற்று மேல். ஆயிரம் கல்லில் அது சேரும், மறுக்கவில்லை. ஆனால் அற்புதம் எதிர்பார்க்காதீர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆண்கள் கிராஸ்கன்ட்ரி தங்கம் குல்ஹாவிக்கு, 29-இல். வெள்ளி ஷுர்ட்டருக்கு, 27.5-இல். கடைசிச் சுற்று வரை இருவரும் ஒட்டியேதான் போனார்கள்.

165 செ.மீ.க்கு 27.5-தான் பொருந்தும், அதிலேயே இருங்கள்.

மட்கார்டு:

மேலே உள்ள கடைசி வரியோடு மட்டும் உடன்பாடில்லை. உயரத்தைப் பார்த்து வீலைத் தீர்மானிப்பது பழைய பழக்கம். இப்போது வரும் 29 ஃப்ரேம்களில் சின்ன அளவிலும் டாப் ட்யூபைத் தாழ்த்தி, ஹெட் ட்யூபைக் குட்டையாக்கிவிட்டார்கள். 165-க்குத் தாராளமாகப் பொருந்தும். பார்க்க வேண்டியது ஃப்ரேமின் ரீச் (ஹேண்டில்பார் பக்கம் எட்டும் நீளம்), ஸ்டாண்ட்ஓவர் (கால் இடையே டாப் ட்யூபின் உயரம்) அளவுகளை. ஆனால் அது அடுத்த சைக்கிளுக்கான பேச்சு; வீல் என்பது ஃப்ரேமோடு வருவது, தனியாகத் தேர்ந்தெடுப்பதல்ல.

இந்த சைக்கிளுக்கு முதல் செலவு டயர். 2.1-ஐக் கழற்றிவிட்டு முன்னால் 2.35 போடுங்கள். 68 கிலோவுக்கு, ட்யூபோடு, முன்னால் 26, பின்னால் 29 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் ஆரம்பியுங்கள். அதற்குக் கீழே போனால் கல் முனையில் ரிம் இடித்து ட்யூபில் அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும். ரிம்மின் உள் அகலம் 19 மி.மீ. என்றால் 2.35 வளைவில் ஆடும். 25-க்கு மேல் இருந்தால் நல்லது. 40 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு ஃபோர்க்கைத் திட்டுபவர்கள்தான் அதிகம்.

ஏற்றம்இறக்கம்:

அளந்துவிட்டேன். மேலே 44, கீழே 44. டயரில் இத்தனை நாளும் 45 பிஎஸ்ஐ!

ஸ்போக்கம்பி:

44-44 என்றால் இரண்டு வழி.

ஒன்று, டேப்பர் ஃபோர்க். கீழே வெளிக்கப் ஹெட்செட் போட்டால் 1½ அங்குல அடிப்பாகம் உட்காரும். சிக்கல் என்றேனே, அது இதுதான்: அந்தக் கப் ஃப்ரேமுக்கு வெளியே சுமார் 12 மி.மீ. தொங்கும். அதாவது 120 ஃபோர்க் போட்டால் ஃப்ரேமுக்கு அது 132. எனவே இந்த வழியில் 100 மி.மீ. ஃபோர்க்கே போதும். மேலும் இப்போது கிடைக்கும் டேப்பர் ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை 15×110 பூஸ்ட் ஆக்ஸில் (15 மி.மீ. தடிமன், 110 மி.மீ. அகலம்). உங்கள் 9 மி.மீ. ஹப் அதில் ஏறாது. புது ஹப், புது ஸ்போக், வீல் கட்டுக்கூலி எல்லாம் சேரும்.

இரண்டு, 1⅛ நேர் ஸ்டீயரர், 9 மி.மீ. டிராப்அவுட் (ஆக்ஸில் உட்காரும் பள்ளம்) உள்ள 120 மி.மீ. ஏர் ஃபோர்க். ஹெட்செட், வீல் இரண்டும் அப்படியே இருக்கும். சன்டூர் எக்ஸ்சிஆர் ஏர், ராக்‌ஷாக்ஸின் கீழ்நிலை வரிசைகளில் தேடுங்கள். ஒரே பெயரில் நேர், டேப்பர் இரண்டும் வரும். ஸ்டீயரர், ஆக்ஸில் இரண்டையும் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். ரீபவுண்ட் குமிழ் இல்லாத மாடலை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். உங்கள் இடத்துக்கு இதைத்தான் சொல்வேன்.

மாட்டும்போது: பழைய ஃபோர்க்கிலிருந்து கிரவுன் ரேஸை (ஸ்டீயரரின் அடியில் இறுகியிருக்கும் பேரிங் வளையம்) தட்டையான உளியால் மாற்றி மாற்றி இரண்டு பக்கமும் தட்டி எடுங்கள், ஒரே பக்கம் தட்டினால் கோணிக்கொள்ளும். புதியதில் இறக்க, ஸ்டீயரர் மேல் நுழையும் பிவிசி குழாய்த் துண்டு போதும். ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு), ஸ்பேஸர் எல்லாம் அடுக்கிக் குறித்து, அடுக்கின் உச்சிக்கு 3 மி.மீ. கீழே அறுக்க வேண்டும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஹோஸ் கிளிப் கட்டினால் ரம்பம் விலகாது. சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்பேஸர் கூட வைத்து அறுங்கள்; குட்டையாக அறுத்த ஸ்டீயரரை ஒட்டவைக்க முடியாது. ஸ்டார் நட் (டாப் கேப் போல்ட் பிடிக்கும் நட்) ஸ்டீயரருக்குள் 15 மி.மீ. உள்ளே. டாப் கேப்பை ஆட்டம் நிற்கும்வரை மட்டும் முறுக்கி, பிறகு ஸ்டெம் போல்ட்டுகளை மாறி மாறி 5 நியூட்டன் மீட்டர்.

காற்றுத்தூண்:

போட்ட பிறகு செட் பண்ணுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஷாக் பம்ப் தனியாக வாங்குங்கள், டயர் பம்ப் ஆகாது. லோயரில் (ஃபோர்க்கின் கீழ்க்கால்) ஒட்டியிருக்கும் எடை அட்டவணைப்படி அடித்து, பத்து முறை அமுக்கி விடுங்கள். நெகட்டிவ் அறைக்கும் (எதிர்ப்பக்கம் தள்ளும் சிறு காற்றறை) காற்று போய்ச் சேர்ந்ததும் அழுத்தம் இறங்கியிருக்கும், மறுபடி நிரப்புங்கள். பம்பைக் கழற்றும்போது வரும் 'புஸ்' ஓசை குழாயில் இருந்த காற்று, ஃபோர்க்கினுடையது அல்ல. அதைக் கண்டு பயந்து கூடுதலாக அடிக்காதீர்கள்.

ஸாக் (ஏறி நின்றதும் எடையால் அமுங்கும் அளவு) பார்க்க லாக்அவுட்டை (ஃபோர்க்கைப் பூட்டும் குமிழ்) திறந்துவிட்டு, பை, தண்ணீர் எல்லாம் மாட்டிக்கொண்டு, பெடலில் எழுந்து நின்று முட்டி மடக்கிய நிலையில் நில்லுங்கள். ஓ-ரிங் இல்லையென்றால் ஸ்டான்ஷனில் (லோயருக்குள் போய்வரும் மேல் குழாய்) ஒரு ஜிப் டையைத் தளர்வாகக் கட்டலாம். 120-இல் 24 முதல் 30 மி.மீ. அமுங்க வேண்டும். பிறகு ரீபவுண்ட்: குமிழை நடுவில் வைத்துத் தொடங்குங்கள். துள்ளினால் ஒரு கிளிக் மெதுவாக்குங்கள். தொடர் வேர்களில் ஃபோர்க் மேலே வர நேரமில்லாமல் தாழ்ந்துகொண்டே போய்க் கட்டையானால் ஒரு கிளிக் வேகமாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

ஸாக் சரியாக இருந்தும் சின்னக் குதிப்பிலேயே அடிவரை போனால் ஒரு டோக்கன் (காற்றறையைச் சிறிதாக்கும் துண்டு) சேர்க்கலாம், உங்கள் மாடலில் அந்த வசதி இருந்தால்.

மலைக்காரர்களுக்கு ஒன்று. மேட்டுப்பாளையத்தில் செட் பண்ணி ஊட்டிக்கு, அதாவது 2,240 மீட்டருக்கு ஏற்றினால் வெளிக்காற்றின் அழுத்தம் 3 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையும். லோயர் காலுக்குள் அடைபட்ட காற்று எதிர்த்து நிற்கும், கடைசி டிராவல் வராது. ஜிப் டையின் மழுங்கிய முனையை வைப்பர் சீலுக்கு (ஸ்டான்ஷனைத் துடைக்கும் ரப்பர் வளையம்) உள்ளே லேசாக நுழைத்தால் காற்று வெளியேறும். பம்ப் அடிக்கும் மேல் அறையிலோ கதையே வேறு: சமவெளி வெயிலில் அடித்த காற்று மலைக்குளிரில் சுருங்கும், உயரம் கொடுத்ததைக் குளிர் பிடுங்கிக்கொள்ளும். ஓட்டும் இடத்திலேயே ஸாக் பாருங்கள்.

ஏற்றம்இறக்கம்:

நன்றி அண்ணா. இரண்டாவது வழிதான். மழைக்காலச் சேற்றில் ஸ்டான்ஷனுக்கு டபிள்யூடி-40 அடிக்கலாமா?

காற்றுத்தூண்:

கூடாது தம்பி. சீலுக்கு அடியில் உள்ள கிரீஸை அது கரைத்துவிடும், பிறகு மண் தாராளமாக உள்ளே போகும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். வாட்டர் சர்வீஸ் கடையில் அந்தக் குழாயைச் சீல் பக்கம் காட்ட விடாதீர்கள். 50 மணி நேரம் ஓடியதும் லோயரைக் கழற்றி எண்ணெய் மாற்றுங்கள். உங்கள் மாடலுக்கு எத்தனை மி.லி. என்று மேனுவலில் இருக்கும், கண்ணளவில் ஊற்றினால் கடைசி டிராவல் அடைத்துக்கொள்ளும்.