தீத்தடுப்புக் கதவில் மின்னிலக்கப் பூட்டு: துளையிடலாமா, கூடாதா?

செங்காங்வாசி:
சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) முன்பதிவின் பேரில் கட்டித்தரும் புது பிடிஓ வீட்டின் சாவி கைக்கு வந்துவிட்டது. படிக்கட்டை ஒட்டிய வீடு என்பதால் வாசற்கதவு அரை மணி நேரத் தீத்தடுப்புக் கதவு. மேலே கதவைத் தானாக மூடவைக்கும் டோர் குளோசர், விளிம்பில் சோதனை முத்திரை எல்லாம் இருக்கின்றன. இப்படிப்பட்ட கதவை மாற்றினால் அதே தகுதியுள்ள கதவும் தானாக மூடும் கருவியும்தான் போட வேண்டும் என்பது வீவக விதி. நான் கதவை மாற்றப் போவதில்லை, மின்னிலக்கப் பூட்டு மட்டும் பொருத்தப் போகிறேன். "எல்லாக் கதவுக்கும் பொருந்தும், ஒரு மணி நேர வேலை" என்கிறார் கடைக்காரர். அப்பாவோ கதவில் கை வைக்காதே என்கிறார். யார் சொல்வது சரி?

கதவுப் பட்டறை:
அப்பா சொல்வதைக் கேளுங்கள் தம்பி. தீத்தடுப்புச் சான்றிதழை வெறும் பலகைக்குக் கொடுப்பதில்லை. பலகை, நிலை, கீல், பூட்டு, குளோசர் எல்லாவற்றையும் சேர்த்து உலையின் வாயில் பொருத்திச் சுடுகிறார்கள். அரை மணி நேரத்தில் உலைக்குள் வெப்பம் சுமார் 840 பாகை செல்சியஸ் ஆகிவிடும். இந்தப் பக்கம் நிற்பவர் இடுக்குகளில் பஞ்சுத் திண்டைப் பிடித்துப் பார்ப்பார். பஞ்சு பற்றிக்கொண்டால் கதவு தோற்றது. எந்தப் பூட்டோடு தேறியதோ அந்தப் பூட்டோடு சேர்த்துத்தான் சான்றிதழ்.

44 மில்லிமீட்டர் கதவில் பூட்டுக்குக் குழி தோண்டினால் இரு பக்கமும் விரற்கடை அளவு மரம்தான் மிஞ்சும். நடுவில் இரும்புப் பெட்டி. அது சூட்டை இந்தப் பக்கம் கடத்தும். அதனால்தான் சோதனைக்குப் போகும் பூட்டுப் பெட்டியைச் சூட்டில் ஊதிப் பெருக்கும் தாளால் சுற்றி வைப்பதுண்டு. கடையிலிருந்து வருகிறவர் அதைச் சுற்றுகிறாரா? பழைய பூட்டின் துளைக்குள் டிஷ்யூ தாளைத் திணித்து, மேலே பளபளக்கும் தகட்டைத் திருகிவிட்டுப் போன வேலையை நானே கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

மாடி 14:
பட்டறைக்காரர் பூட்டைப் பார்க்கிறார், வீட்டைப் பார்க்கவில்லை. நம் புளோக்குகளில் எத்தனை வீடுகளில் வாசற்கதவுக்கு வெளியே உள்ள இரும்புக் கேட்டுக்கு உட்புறம் தொங்குபூட்டு போட்டிருக்கிறார்கள்? புகை சூழ்ந்த இருட்டில் பாட்டி எந்த ஆணியில் சாவியைத் தேடுவார்? நல்ல மின்னிலக்கப் பூட்டு என்றால் உள்ளிருந்து கைப்பிடியை அழுத்தினால் போதும்.

ஆளைக் கொல்வது துளை அல்ல, திறந்து கிடக்கும் கதவு. 2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ட்வின் பார்க்ஸ் அடுக்குமாடியில் ஓர் அறைச் சூடேற்றியிலிருந்து தீப்பிடித்தது. அந்த ஒரு வீட்டோடு அடங்கியிருக்க வேண்டியது. வீட்டுக் கதவு தானாக மூடவில்லை. புகை மாடிப்படி வழியாக மேலே ஏறியது. 17 பேர் இறந்தார்கள். அங்கே காலை வாரியது குளோசர்.

வாடகை வீட்டுக்காரி:
குளோசர் என்றதும் சிரிப்புத்தான் வருகிறது. எதிர்வீட்டில் காற்று வருவதற்காக அரிசி மூட்டையை முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வீட்டில் குழந்தையின் விரல் நசுங்கும் என்று குளோசரைக் கழற்றியே வைத்துவிட்டார்கள். அதைக் கேட்க ஆளில்லை, பூட்டுக்கு இத்தனை பஞ்சாயத்து!

கதவுப் பட்டறை:
குளோசர் முக்கியம் என்பதை நான் எங்கே மறுத்தேன்? மூடிய கதவு தாக்குப்பிடிக்கவும் வேண்டும் அல்லவா? லண்டன் கிரென்ஃபெல் டவர் அடுக்குமாடியில் 2017 ஜூன் 14 அன்று நடந்த தீவிபத்தில் 72 உயிர்கள் போயின. அங்கிருந்து எடுத்த வாசற்கதவு ஒன்றைக் காவல்துறை பின்னர் சோதனைக்கு அனுப்பியது. 30 நிமிடம் தாங்க வேண்டிய கதவு சுமார் 15 நிமிடத்தில் தோற்றது.

இன்னொன்றும் இருக்கிறது. சில கொரியப் பூட்டுகள் உட்புற வெப்பம் 60 பாகையை ஒட்டி ஏறினால் அலறித் தாமே திறந்துகொள்ளும். விளம்பரத்தில் இதைப் பெருமையாகப் போடுகிறார்கள். தப்பிக்க நல்லதுதான். ஆனால் ஆட்கள் வெளியேறிய பிறகு கதவை நிலையோடு பிடித்திருக்கும் பூட்டின் நாக்கும் உள்ளே போய்விட்டால்? அறைத்தீயின் அழுத்தம் கதவைத் தள்ளும். பூட்டு திறக்கலாம், நாக்கு நிலையை விட்டு விலகக் கூடாது.

மாடி 14:
அதற்குத்தான் நாக்கும் டெட்போல்ட்டும் (பூட்டும்போது நீளும் தாழ்) தனித்தனியாக இயங்கும் பூட்டுகள் இருக்கின்றன. தீத்தடுப்புக் கதவோடு சேர்த்துச் சோதித்த பூட்டுகளும் சிங்கப்பூரில் கிடைக்கின்றன. பூட்டே கூடாது என்று பயமுறுத்துவதில் யாருக்கு என்ன லாபம்?

கதவுப் பட்டறை:
பூட்டே கூடாது என்றா சொன்னேன்? துளைபோடும் முன் சோதனை அறிக்கையைக் கேளுங்கள் என்கிறேன். "தீத்தடுப்புப் பூட்டு" என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தால் போதாது. எந்தக் கதவில் சோதித்தார்கள், என்ன தடிப்பு, கதவைச் செய்தவர் யார் என்பதெல்லாம் அறிக்கையில் இருக்கும். காகிதம் கிடைக்கவில்லையா, பூட்டை இரும்புக் கேட்டில் போடுங்கள். கேட்டுக்குத் தீத்தடுப்புத் தகுதி எதுவும் இல்லை, கெடுவதற்கும் ஒன்றுமில்லை. கதவு நாக்கில் சாத்தி நின்றால் போதும்.

வாடகை வீட்டுக்காரி:
கேட்டை மட்டும் பூட்டிவிட்டுத் தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகலாம் என்று என் மாமியாரிடம் நீங்களே வந்து சொல்லுங்கள்.

செங்காங்வாசி:
கடைக்காரர் அறிக்கையை அனுப்பிவிட்டார். பூட்டின் பெயர் சரியாக இருக்கிறது. ஆனால் சோதித்த கதவு 54 மில்லிமீட்டர், ஒரு மணி நேர வகை. என்னுடையது 44. "ஒரு மணி நேரம் தாங்கியது அரை மணி நேரம் தாங்காதா?" என்று கேட்கிறார்.

மாடி 14:
கேள்வி நியாயமாகத்தான் படுகிறது.

கதவுப் பட்டறை:
கேட்பதற்கு நியாயம்தான். பூட்டுப் பெட்டி மெலியவில்லை, கதவு மட்டும் 10 மில்லிமீட்டர் மெலிந்திருக்கிறது. அந்தப் பத்தும் பெட்டிக்கு இரு பக்கமும் இருக்க வேண்டிய மரத்தில்தான் குறைகிறது. ஒரு மணி நேரக் கதவின் அறிக்கையில் உங்கள் கதவைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. 44க்கு உரிய காகிதம் வரும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

செங்காங்வாசி:
இன்னும் கொடுக்கவில்லை. 44க்கு அறிக்கை இருக்கிறதா என்று பூட்டு உற்பத்தியாளருக்கே எழுதியிருக்கிறேன்.

மாடி 14:
பதில் வருவதற்குள் குளோசரையும் ஒருமுறை பாருங்கள். கதவைச் சிறிதே திறந்து கையை எடுத்துவிடுங்கள். நாக்கு "டக்" என்று விழ வேண்டும். புது வீடுகளில்கூடக் கடைசி இரண்டு விரற்கடையில் நின்றுவிடும் கதவுகள் உண்டு. குளோசரின் பக்கவாட்டில் உள்ள திருகாணியைக் கொஞ்சம் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.