மும்பையை நிறுத்தினால் ஹைதராபாத் எழவில்லை, அவசர உதவி

பாளை_பேக்எண்ட்:
வணக்கம். எங்கள் டேட்டாபேஸ் கிளஸ்டர் மும்பை, ஹைதராபாத் என்று இரண்டு ரீஜனில் (இரண்டு ஊர் டேட்டாசென்டர்களில்) ஓடுகிறது. நேற்று ராத்திரி ஒத்திகைக்காக மும்பையை முழுசாக நிறுத்தினேன். ஹைதராபாத் தானாக பிரைமரி (ரைட்டை வாங்கும் முதன்மை டேட்டாபேஸ்) ஆகியிருக்க வேண்டும். இருபது நிமிஷம் ஆகியும் ஆகவில்லை. ரீட் (படிப்பது) போகிறது, ரைட் (எழுதுவது) போகவில்லை. செட்டிங் எல்லாம் சரிதான். பாவூர்சத்திரம் மார்க்கெட் கமிஷன் கடைகளுக்கான பில்லிங் இது, வெள்ளிக்கிழமை ஓனரிடம் ஓட்டிக்காட்ட வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

அம்பை_கோடர்:
எந்த டேட்டாபேஸ்? மேனேஜ்டு சர்வீஸா, நீங்களே விஎம்மில் (வர்ச்சுவல் மெஷினில்) போட்டதா? லாக்கில் (பதிவுக் கோப்பில்) கடைசி பத்து வரியைப் போடுங்கள்.

தென்காசி_லினக்ஸ்:
இது பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்தான். ஆப் பழைய ஐபியையே பிடித்துக்கொண்டிருக்கும். டிடிஎல்லைக் (பழைய முகவரியை நினைவில் வைக்கும் நேரத்தை) குறைத்துவிட்டு, கனெக்‌ஷன் பூலையும் ரீஸ்டார்ட் பண்ணுங்கள்.

அம்பை_கோடர்:
ஹைதராபாத் பிரைமரியே ஆகவில்லை என்கிறாரே. ஆப் எந்த ஐபிக்குப் போனால் என்ன?

சாரல்_நெல்லை:
ரீஜன்களுக்கு நடுவே கிளஸ்டர் மெஷின்கள் பேசிக்கொள்ளும் 2379, 2380, 8008 போர்ட் எல்லாம் திறந்திருக்கிறதா? எனக்கு ஒருமுறை 2380 மட்டும் மூடியிருந்து மூன்று நாள் போனது.

பழைய_டிபிஏ:
செட்டிங் எல்லாம் சரி என்றால் இங்கே ஏன் தம்பி வந்தீர்கள்? டேட்டாபேஸ் பெயர் இல்லை, வெர்ஷன் இல்லை, லாக் இல்லை. நாங்கள் போட்டுவைத்த பழைய இழைகளை ஒரு மணி நேரம் படித்திருந்தாலே பதில் கிடைத்திருக்கும். இப்போதெல்லாம் யாரும் படிப்பதில்லை.

பாளை_பேக்எண்ட்:
கோபப்படாதீர்கள் அண்ணாச்சி, பதற்றத்தில் விட்டுப்போனது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 15, மேலே யார் பிரைமரி என்று பார்த்து மாற்றுகிற பேட்ரோனி, எல்லாம் விஎம். மும்பையில் இரண்டு மெஷின், ஹைதராபாத்தில் ஒன்று. போர்ட் திறந்திருக்கிறது. ஹைதராபாத் லாக்கில் ‘டிசிஎஸ் இஸ் நாட் ஆக்சஸிபிள்’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. எட்சிடியும் (யார் லீடர் என்று பேட்ரோனி குறித்துவைக்கும் அந்த டிசிஎஸ்) அதே மூன்று மெஷினில்தான் இருக்கிறது. அது முக்கியம் என்று நினைக்கவில்லை.

பொருநை:
அதுதான் தம்பி முக்கியம். எட்சிடிக்கு மூன்று உறுப்பினர் என்றால் எந்த முடிவுக்கும் இரண்டு ஓட்டு வேண்டும். மும்பையை நிறுத்தியபோது இரண்டு ஓட்டு அங்கேயே போய்விட்டன. ஹைதராபாத்திடம் இருப்பது ஒன்று. லீடர் பூட்டை (பிரைமரி ஆகும் உரிமையை) எடுக்க வழியில்லாததால் பேட்ரோனி ரெப்ளிக்காவாகவே (நகலாகவே) உட்கார்ந்திருக்கிறது. அது செய்தது சரி, பங்கீடுதான் தப்பு. ஹைதராபாத்தை மட்டும் நிறுத்திப் பாருங்கள், ஒன்றும் ஆகாது.

இரண்டே ரீஜன் வைத்துக்கொண்டு ஓட்டை எப்படிப் பிரித்தாலும், பெரும்பான்மை எங்கே இருக்கிறதோ அந்த ஊர் போனால் எல்லாம் போச்சு. மூன்றாவது ரீஜனில் ஒரு சின்ன மெஷின் எடுங்கள். அதில் எட்சிடி மட்டும் போதும், போஸ்ட்கிரெஸ் வேண்டாம். ஊருக்கு ஒரு ஓட்டு என்று ஆகிவிடும்.

பாளை_பேக்எண்ட்:
மூன்றாவது ரீஜனுக்கு ஓனர் பணம் தருவாரா தெரியவில்லை. அதற்குப் பதிலாக, ஹைதராபாத்திலிருந்து மும்பையை பிங் பண்ணி, பதில் வராவிட்டால் ரெப்ளிக்காவை பிரைமரியாக்கும் ‘பிஜி_புரோமோட்’டைக் கூப்பிடுவது போல பைத்தானில் நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால்?

பொருநை:
வேண்டவே வேண்டாம். பிங் வராததால் மும்பை செத்துவிட்டது என்று ஆகாது. நடுவில் பாதை மட்டும் அறுந்திருந்தால், மும்பையில் இரண்டு ஓட்டு இருப்பதால் அது லீடராகவே தொடரும். உங்கள் ஸ்கிரிப்ட் ஹைதராபாத்தையும் லீடராக்கும். காலை ஆறு மணிக்கு ஒரு கடை 412ஆம் சீட்டில் கத்தரிக்காய் எடை போட்டு மும்பையில் எழுதும். பக்கத்துக் கடை அதே 412இல் முருங்கைக்காய் போட்டு ஹைதராபாத்தில் எழுதும். பாதை திரும்ப வந்ததும் எந்த விவசாயிக்கு எவ்வளவு பாக்கி என்று யார் பிரிப்பது?

பழைய_டிபிஏ:
என்னைக் கேட்டால் ரீஜன் விட்டு ரீஜன் ஃபெயில்ஓவரே (பிரைமரி மாறுவதே) தானாக நடக்கக் கூடாது. 2018 அக்டோபரில் கோட் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் என்ன நடந்தது? நெட்வொர்க் அறுந்தது வெறும் 43 வினாடி. அதற்குள் மென்பொருள் தானாகப் பிரைமரியை அமெரிக்காவின் இன்னொரு கரைக்கு மாற்றிவிட்டது. இரண்டு பக்கமும் மறுபக்கத்தில் இல்லாத ரைட் இருந்தது. சரிசெய்ய 24 மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஹைதராபாத்தைத் தனி எட்சிடியோடு ஸ்டாண்ட்பை கிளஸ்டராக (தானாக மாறாத காத்திருப்பு நகலாக) வையுங்கள். தேவைப்படும்போது மனுஷன் பார்த்து மாற்றட்டும்.

சாரல்_நெல்லை:
எந்த மனுஷன் அண்ணாச்சி? 2023 டிசம்பர் 17, 18 மறந்துபோச்சா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, நெல்லை ஜங்ஷன் முழுக்கத் தண்ணீர். என் வீட்டில் கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. அன்றைக்கு மும்பையும் விழுந்திருந்தால் கமாண்ட் அடிக்க இங்கே ஆள் கிடையாது.

பழைய_டிபிஏ:
அதற்குச் சென்னையிலோ கோவையிலோ இன்னொருவருக்கு ஆக்சஸ் கொடுத்து வைப்பார்கள். அடிப்படை இது.

சாரல்_நெல்லை:
நாலு பேர் வேலை செய்கிற கம்பெனியில் கோவைக்கு எங்கே போய் ஆள் வைப்பது?

தென்காசி_லினக்ஸ்:
டிஎன்எஸ்ஸையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றுதான் நான் இன்னமும் சொல்வேன்.

பொருநை:
வெள்ளக் கதையைத் தனி இழையில் பேசுவோம். தம்பி, மூன்றாவது மெஷின் தூரத்தில் இருந்தால் எட்சிடியின் எலெக்‌ஷன் டைம்அவுட்டைக் கூட்டுங்கள். லீடரிடமிருந்து தகவல் வராவிட்டால் புதுத் தேர்தலுக்கு முன் காத்திருக்கும் நேரம் அது, டிஃபால்ட் 1000 மில்லிசெகண்ட். ரீஜன்களுக்கு நடுவே தகவல் போய்வரும் நேரத்தைப்போல பத்து மடங்காவது இருக்க வேண்டும். ரெப்ளிகேஷன் அசிங்க் (நகல் சற்றுப் பின்தங்கி வருவது) என்றால் மாறும்போது கடைசிச் சில ரைட் தொலையலாம், அதை ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆப்பின் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் இரண்டு ரீஜனின் முகவரியும் இருக்கட்டும், ‘டார்கெட் செஷன் ஆட்ரிப்யூட்ஸ்’ ரீட்-ரைட் என்று வைத்தால் எது பிரைமரியோ அதையே தேடிப் பிடிக்கும்.

அம்பை_கோடர்:
என்ன ஆச்சு தம்பி? நாலு நாளாக ஆளைக் காணோம்.

பாளை_பேக்எண்ட்:
மன்னிக்கவும், வேலையில் மூழ்கிவிட்டேன். சிங்கப்பூரில் ஒரு சின்ன மெஷின் எடுத்து எட்சிடி போட்டேன், மும்பையில் ஒன்றைக் குறைத்தேன். ராத்திரி ஒரு மணிக்கு மும்பையை நிறுத்தினேன், 38 வினாடியில் ஹைதராபாத் லீடர். ரைட் போகிறது. பொருநை அண்ணனுக்கு ரொம்ப நன்றி.

பொருநை:
சந்தோஷம். மும்பையைத் திரும்ப ஏற்றியபோது ‘பிஜி_ரீவைண்ட்’ (பழைய பிரைமரியைப் புதியதோடு ஒத்துவைக்கும் கருவி) தானாக ஓடியதா, முழு பேஸ்பேக்கப் (மொத்த டேட்டாவின் புது நகல்) எடுக்க வேண்டியிருந்ததா? அதையும் எழுதுங்கள், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

அம்பை_கோடர்:
எனக்கும் அது தெரிய வேண்டும். தம்பி, இருக்கிறீர்களா?