அகம் கச்சேரிகளைப் பதிந்து எழுத யோசனை சொல்லுங்கள்

வணக்கம். காரைக்குடியில் இருக்கிறேன். பெங்களூரு ராக் குழுவான அகம் எங்கே மேடையேறினாலும் முடிந்தவரை போய்க் கேட்டு, நிகழ்ச்சி எப்படி இருந்தது என்று எழுதி வருகிறேன். கர்நாடக ராகமும் கிட்டாரும் டிரம்ஸும் சேரும் அவர்கள் இசையை நேரில்தான் கேட்க வேண்டும். பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் ஆலாபனையை எங்கே நீட்டுகிறார், டிரம்ஸ் எங்கே நுழைகிறது என்பதையெல்லாம் எழுத, திரும்பக் கேட்டாக வேண்டும்.

போனில் பதிந்தால், டிரம்ஸ் தொடங்கியதும் ஒலி பிசிறடிக்கிறது, குரலும் அமுங்கிவிடுகிறது. ஒலியைச் சமன்செய்யும் மிக்ஸர் மேசைப் பக்கம்தான் நிற்கிறேன், அங்கேதான் எல்லாம் சமமாகக் கேட்கும். அனுமதி வாங்கி, சொந்தக் குறிப்புக்கு மட்டும் பதிய, சட்டைப்பையில் அடங்கும் ரெக்கார்டர் எது நல்லது? ஒலி அளவை எவ்வளவில் வைப்பது?

அப்புறம், சென்னை என்றால் பல்லவன் ரயிலில் போய்விடலாம். பெங்களூருவில் ராத்திரி நிகழ்ச்சி முடிந்து காரைக்குடிக்கு நேரே பஸ் கிடைக்குமா, திருச்சியில் மாறணுமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.