பதில்: பிமினிக்கு ‘நிழல்பாய்’ சரிவருமா?

அண்ணே வணக்கம். பிமினிக்கு, அதான் படகுல உக்கார்ற இடத்துக்கு மேல வெயிலுக்குக் கட்டுற துணிக்கு, தமிழ்ல நிழல்பாய்னு நீங்க போட்டது காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா படகுல அது ஆகாது. அங்க பாய்னா காத்தைப் பிடிச்சு படகை இழுக்கிற பாய் ஒண்ணுதான். திடீர்னு காத்து ஏறி, சுக்கான் பிடிச்சிருக்கவர் “பாயை இறக்குடா”ன்னு கத்தும்போது புதுசா வந்த பையன் எந்தப் பாய்னு முழிச்சான்னா கதை கந்தல். தார்ப்பாய்லயும் பாய் இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கு, ஆனா அதை யாரும் பாய்னு சுருக்குறதில்லயே.

பிமினிங்கிறதும் பகாமாஸ்ல இருக்கிற தீவுங்க பேருதான், மொழிபெயர்க்க அதுல ஒண்ணுமில்ல. சாமான் என்ன செய்யுதுன்னு பாத்துத்தான் நாம பேர் வைக்கணும்.

மண்டபத்துல கூட்டாளியோட சின்னப் பாய்ப்படகுல போன சித்திரைல நாங்களே ஒண்ணு கட்டினோம். ரெண்டு பிவிசி பைப்பை வளைச்சு பக்கக் கம்பில கட்டியாச்சு, பூம், அதான் பாயோட அடியில படுக்கையா வர்ற கழி, இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் திரும்பும்போது இடிக்காத உயரமா பாத்துக்கிட்டோம். மேல மொதல்ல நீலத் தார்ப்பாய். நிழல் விழுந்துச்சு, ஆனா அடியில அடுப்படி மாதிரி புழுக்கம், காத்து வந்தா படபடன்னு அடிச்சு பேசவே விடல. அப்பறம் நர்சரில போடுற பச்சை நிழல்வலை, 75 சதவீதம், காத்து உள்ள புகுந்து போயிருது, வெயில் முழுசா மறையாது ஆனா உக்காரலாம். சாயங்காலம் பக்கவாட்டுல அடிக்கிற வெயிலுக்கு ஒரு பழைய வேட்டி, அம்புட்டுதான்.

ஓரத்துல ஓட்டை போட்டு இரும்பு வளையம் மட்டும் அடிச்சிராதீங்க, உப்புக்காத்துல துருவேறி துணியையும் அரிச்சிரும். முனைல ஒரு கொட்டைப்பாக்கை வச்சு துணியைச் சுத்தி, அது கழுத்துல கயித்தைக் கட்டுங்க, இழுக்க இழுக்க இறுகும். கயித்துக்கு நடுவுல சைக்கிள் டியூப் ஒரு துண்டு விட்டா காத்து இடிக்கிறப்ப விட்டுக்கொடுக்கும்.

இம்புட்டும் ஏன் சொல்றேன்னா, இது மேல கட்டுறது, தேவையில்லன்னா அவுக்குறது. கூரைன்னா அவுக்க முடியாது, பந்தல்னா கால் ஊனி நிக்கணும். அதனால மேற்கட்டி. பழைய சொல்தான், உக்கார்ற இடத்துக்கு மேல துணி கட்டுறோமே அதேதான். விதானம்னா எனக்கு கோயில் கல்லுதான் ஞாபகம் வருது.

> மேற்கட்டின்னா “எங்க கட்டி, டாக்டர்ட்ட காட்டுனியா”ன்னு கேப்பாங்களே தம்பி. அதுபோக நங்கூரம் போட்டு நிக்கிறப்ப பூம் மேல துணியைப் போட்டு ரெண்டு பக்கமும் தொங்க விடுறோமே, அதுக்கும் இதே பேரா?

கேட்டா கேக்கட்டும்ணே, நாலு தடவை சொன்னா பழகிரும். “காத்து ஏறுது, மேற்கட்டியை மடக்கு”ன்னு சத்தமா சொல்லிப் பாருங்க, எதோடயும் குழம்பல.

நீங்க சொல்ற மத்தது வேற சாமான், அதைப் போட்டுக்கிட்டு பாய் விரிக்க முடியாது, கிளம்புறதுக்கு முன்னாடி கழட்டியே ஆகணும். அதுக்கு கூடாரம் போதும். பூமுக்குத்தான் சொல் மாட்டல. பருமல்னு போடலாம்னு பாத்தேன், ஆனா பருமல் பாயை மேல தாங்குற குறுக்குமரம், பூம் பாய்க்கு அடியில வர்றது, ரெண்டையும் ஒண்ணாக்குனா கடல்காரங்க சிரிப்பாங்க. ஞாயித்துக்கிழமை தொண்டி போறேன், வத்தைங்கிற நாட்டுப் படகுல பாய் ஓட்டுன பெரியவங்கட்ட கேட்டுட்டு எழுதுறேன், அதுவரைக்கும் பூம் கூடாரம்னே இருக்கட்டும்.