ஆபீஸ்ல புது வயர்லெஸ் ரவுட்டர் போட்டதும் முன் ரூம்ல இருந்து பிரிண்ட் போகல, உதவி வேணும்

கேள்வி:
எங்க சின்ன ஆபீஸ்ல இன்டர்நெட்காரங்க குடுத்த மோடம் முன் ரூம்ல இருக்கு, அதோட வைஃபை உள் ரூமுக்கு எட்டவே மாட்டேங்குது, அதனால தனியா ஒரு ரவுட்டர் வாங்கி மோடம்ல இருந்து கேபிள் இழுத்து அதோட வான் போர்ட்ல (WAN, இன்டர்நெட் கேபிள் மாட்டற ஓட்டை) சொருகிட்டேன், நெட் ரெண்டு பக்கமும் நல்லா வருது. ஆனா பிரிண்டர் உள் ரூம்ல புது ரவுட்டர்ல இருக்கு, முன் ரூம் ஆளுங்க யாராலயும் பிரிண்ட் குடுக்க முடியல, பிரிண்டர் ஐபிய (நெட்வொர்க்ல அதுக்குள்ள அட்ரஸ் நம்பர்) நேரா டைப் பண்ணாலும் போகல. மோடம் பக்கம் ஐபி 192.168.1ன்னு ஆரம்பிக்குது, ரவுட்டர் பக்கம் 192.168.0. என்ன செய்யணும்?

பதில் 1:
பிரிண்டர்ல கோளாறு இல்ல ப்ரோ. வான் போர்ட்ல சொருகினதால ஆபீஸ் ரெண்டு நெட்வொர்க்கா பிரிஞ்சு கெடக்கு, உள்ள இருந்து வெளிய போறத ரவுட்டர் விட்டுடும், முன் ரூம்ல இருந்து உள்ள வர்றத தடுத்துடும். ஆக்சஸ் பாயிண்ட் மோட்னு (ரவுட்டர் தனி நெட்வொர்க் போடாம மோடம் நெட்வொர்க்கையே வைஃபைல குடுக்கறது) செட்டிங்ஸ்ல இருந்தா அத போடுங்க, வேலை முடிஞ்சுது. இல்லன்னா கையாலதான்: மொதல்ல வான் கேபிள கழட்டிடுங்க, ஒரு லேப்டாப்ப கேபிள்ல மாட்டி ரவுட்டரோட லேன் ஐபிய (LAN, ஆபீஸ் உள்பக்க அட்ரஸ்) 192.168.1.2ன்னு மாத்துங்க (டிஹெச்சிபின்னா கருவிங்களுக்கு தானா ஐபி குடுக்கறது, அந்த நம்பர் மோடம் குடுக்கற டிஹெச்சிபி ரேஞ்சுக்கு வெளிய இருக்கணும், இது முக்கியம்), புது அட்ரஸ்ல திரும்ப உள்ள போய் டிஹெச்சிபிய ஆஃப் பண்ணுங்க, அப்புறம் மோடம் கேபிள ரவுட்டரோட லேன் போர்ட் ஒண்ணுல சொருகுங்க, வான் காலியாவே இருக்கட்டும். டிஹெச்சிபி ஆன்லயே இருந்தா ரெண்டும் போட்டி போட்டு ஐபி குடுக்கும், சிலருக்கு நெட் வரும் சிலருக்கு வராது, எங்க தப்புன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள ஒரு நாள் போயிடும்.

பதில் 2:
மேல சொன்னது சரி. கூடவே சேனலயும் (வைஃபை ஓடற அலைவரிசை) பாருங்க, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மோடம் 1ல இருந்தா ரவுட்டர 6லயோ 11லயோ வைங்க. வைஃபை பேர், பாஸ்வேர்ட் ரெண்டுலயும் ஒண்ணாவே வெச்சா போன் தானா மாறிக்கும். இரும்பு பீரோ பக்கத்துல மட்டும் ரவுட்டர வைக்காதீங்க.

பதில் 3:
பாதுகாப்ப விட்டுட்டீங்களே. அட்மின் பாஸ்வேர்ட மாத்துங்க, டபிள்யூபிஎஸ் (பட்டன் அமுக்கி வைஃபைல சேர்ற வசதி) ஆஃப், ஃபர்ம்வேர் (ரவுட்டர் உள்ள ஓடற சாஃப்ட்வேர்) அப்டேட், வைஃபை பாதுகாப்பு முறை குறைஞ்சது டபிள்யூபிஏ2. வெளியாளுக்கு கெஸ்ட் வைஃபை குடுக்கறதா இருந்தா ஆக்சஸ் பாயிண்ட் மோட்ல பல ரவுட்டர்ல அது தனியா பிரியாது, கெஸ்ட்ல ஒரு போன சேத்து மோடம் பேஜ் தொறக்குதான்னு பாத்துட்டு அப்புறம் குடுங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றி! ஆக்சஸ் பாயிண்ட் மோட் ஆப்ஷன் என் ரவுட்டர்ல இல்ல, கையாலதான் மாத்தினேன், இப்போ எல்லா இடத்துல இருந்தும் பிரிண்ட் வருது. ஆனா பிரிண்டர் ஐபி மாறிட்டதால ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் புதுசா சேக்க வேண்டியதா போச்சு, திரும்ப மாறுமா?

பதில் 1:
மாற வாய்ப்பிருக்கு. மோடம்ல டிஹெச்சிபி பக்கத்துல அட்ரஸ் ரிசர்வேஷன்னு இருக்கும், பிரிண்டரோட மேக் அட்ரஸ (கருவிக்குன்னே இருக்கற அடையாள நம்பர்) குடுத்து இப்போ இருக்கற ஐபியவே அதுக்குன்னு ஒதுக்கிடுங்க.