டிவி புதிர்ப்போட்டிக்குப் போன நம்ம வீட்டுப் பெரியவங்க: உங்க அனுபவம் என்ன?

செந்தூல் மகள்

ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மனசை விட்டுப் போகல. டிவி குவிஸ் எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், அதை விளக்கப் போறதில்ல. நிலையத்தோட பேரும் வேணாம்.

அப்பாவுக்கு அப்ப 71. கோலாலம்பூர் செந்தூல் ரயில் பட்டறையில ஃபிட்டரா இருந்து பென்ஷன் வாங்கினவர். கூட ரெண்டு அங்கிள், ஒருத்தர் தபால்காரர், இன்னொருத்தர் தமிழ்ப்பள்ளி வாத்தியார். மூணு பேரும் தினம் காலையில ரொட்டி சானாய் கடையில உட்கார்ந்து ஒரே பேப்பரைப் பங்கு போட்டுப் படிக்கிற கூட்டாளிங்க. வயசு வரம்பு இல்லாத போட்டி. காலிறுதி வரைக்கும் வந்துட்டாங்க. எதிர்ல மூணு யூனிவர்சிட்டி பிள்ளைங்க.

கேள்வி இதுதான்: மலாயாவின் முதல் ரயில் பாதை எந்த இரண்டு ஊர்களுக்கு இடையே ஓடியது?

அப்பாவுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா? 1885, ஜூன் 1. எட்டு மைல். ஈயம் ஏத்திட்டுப் போறதுக்குப் போட்ட பாதை. எங்களுக்குத் தாலாட்டுக்குப் பதிலா இதைத்தான் சொல்லி வளர்த்தார். பஸ்ஸரை அமுக்கி, "தைப்பிங், போர்ட் வெல்ட்"ன்னார்.

நிகழ்ச்சி நடத்தினவர் அட்டையைப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். "மன்னிக்கணும் ஐயா" அப்படின்னுட்டார். கேள்வி எதிரணிக்குப் போச்சு. அந்தப் பொண்ணு, "தைப்பிங், கோலா செபெத்தாங்"னு சொல்லுச்சு. பத்துப் புள்ளி. ரெண்டும் ஒரே ஊர்! போர்ட் வெல்டுக்கு இப்ப உள்ள பேர்தான் கோலா செபெத்தாங்.

அதுகூடப் போகட்டும். கேமராவுக்குப் பக்கத்துல ஒருத்தர் நின்னுக்கிட்டு கையைத் தூக்குவார், பார்க்க வந்த நாங்க தட்டணும். தூக்கினார். மூணு மணி நேரமா அவரைப் பார்த்துப் பார்த்துத் தட்டிப் பழகின கை எனக்கு. அப்பா திரும்பி, கூட்டத்துல என்னைத் தேடிக் கண்டுபிடிச்சப்ப, நான் தட்டிக்கிட்டு இருந்தேன்.

கிள்ளான் காளை

அக்கா, கோவிச்சுக்காதீங்க. அட்டையில என்ன இருக்கோ அதுதான் விடை. போர்ட் சுவெட்டன்ஹாம்னு ஒருத்தர் சொன்னா நானும் தப்புன்னுதான் சொல்வேன். அது 1972லேயே போர்ட் கிள்ளான் ஆயிடுச்சு. பெரியவங்கன்னா பழைய பேரையே பிடிச்சுக்கிட்டு இருக்கணும்னு சட்டமா? எங்க மாமா கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானை இன்னும் 'பத்து ரோடு'ன்னு பழைய பேர்லதான் சொல்றார். கிராப் டிரைவர் முழிக்கிறான்.

என் அனுபவம்னு பெரிசா ஒண்ணும் இல்ல. ஒரு தடவை பார்வையாளரா போய் உட்கார்ந்தேன். ஏர்கோன் குளிர்ல விறைச்சுப் போய்ட்டேன். கடைசியில பாக்கெட் மைலோ கொடுத்தாங்க.

தைப்பிங்காரன்

காளை தம்பி, கேள்வியை ஒழுங்காப் படிங்க. 'ஓடியது'ன்னு கேட்டிருக்காங்க. அந்த ரயில் ஓடினப்ப அந்த ஸ்டேஷனுக்குப் பேர் போர்ட் வெல்ட். கோலா செபெத்தாங்னு ஒரு ஸ்டேஷனுக்கு அந்த ரயில் ஒரு நாளும் போனதில்ல. சரியாச் சொன்னது அந்த ஐயா ஒருத்தர்தான்.

இன்னொண்ணு. தண்டவாளமும் போச்சு, ஸ்டேஷனும் போச்சு, பெயர்ப்பலகை மட்டும் இன்னும் அங்கேயே நிக்குது. நடுத்தெருவுல, கடைக்குப் பக்கத்துல, அம்போன்னு. ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்துல மலாய்), சீனம், தமிழ் நாலுலயும் போர்ட் வெல்ட்னு எழுதியிருக்கும். மீன் வாங்கப் போறப்பல்லாம் பார்ப்பேன். அப்பாவுக்குக் காட்டுங்க, படம் அனுப்புறேன்.

ஆயர் ஈத்தாம் பேரன்

பினாங்கிலேர்ந்து நானும் பாட்டியும் போனோம். குடும்பக் குவிஸ், ஒரு குழுவுக்கு ரெண்டு பேர். பஸ்ஸரை யார் அமுக்கினாங்களோ அவங்கதான் பதில் சொல்லணும், பத்து விநாடிக்குள்ள. பாட்டிக்கு 76. காஞ்சிப் பட்டு, ரெண்டு நாளா பிளாஸ்க்ல கோப்பி, எல்லாம் தயார்.

"1926-இல் கட்டப்பட்டு, நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் பல ஆண்டுகள் பயணிகளை ஏற்றி வந்த கப்பலின்..." அவ்வளவுதான், பாட்டி அமுக்கிருச்சு. என்னை ஒரு பார்வை பார்த்துச்சு பாருங்க, இந்தப் பரிசு நமக்குத்தாண்டாங்கிற மாதிரி.

அப்புறம் ஆரம்பிச்சது. "அது ஒரே எண்ணெய் நாத்தம் பிடிச்ச கப்பல்ப்பா. எங்களுக்கு டெக் டிக்கெட்டு. பாயை விரிச்சிட்டு வரிசையாப் படுத்திருப்போம். எங்கம்மா ஊறுகாய் ஜாடியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேதான் தூங்கும், எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்னு..."

"பேர் சொல்லுங்கம்மா, பேர்."

"பேரு தெரியாமலா? அதுலதானே வந்தோம். மூணாம் நாள் ஒரே வாந்தி..."

மணி அடிச்சிட்டாங்க. எதிர்ல இருந்த பையனுக்கு இருபது வயசு இருக்கும். "ரஜூலா"ன்னான். பாட்டிக்குத் தோத்த மாதிரியே தெரியல. முகமெல்லாம் சிரிப்பு. அந்தப் பையனைப் பார்த்து, "ஆமா, அதேதான்! நீயும் அதுல வந்தியாய்யா?"ன்னு கேட்டுச்சு.

ஸ்டூடியோவே சிரிச்சது. ஒளிபரப்பினப்ப அதை வெட்டிட்டாங்க. டிவியில பார்த்தவங்களுக்குப் பாட்டி விடை தெரியாம உளறின மாதிரிதான் தெரிஞ்சிருக்கும்.

எனக்கு உறுத்துறது வேற. ரஜூலா 1973 வரைக்கும் ஓடின கப்பல். அந்தக் கதையைச் சின்ன வயசுலேர்ந்து நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அன்னிக்கு பஸ்ஸரை நான் அமுக்கியிருந்தாலும் என்னால பதில் சொல்லியிருக்க முடியாது. கப்பலோட பேரை நான் ஒரு நாளும் கேட்டதில்ல.

பழைய வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம். நானும் ஒரு போட்டியில் கலந்துகொண்டேன், வயது 67. முதல் சுற்றிலேயே வெளியேறினேன். ஜெசல்டன் என்பது எந்த நகரின் பழைய பெயர் என்று கேட்டார்கள். கோத்தா கினபாலு என்பது தொண்டை வரை வந்தது, வாய்க்கு வரவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு வந்தது. என் அனுபவம் இவ்வளவே.

இனி போகிறவர்களுக்குச் சில சொல்லலாம் என்று நினைக்கிறேன். யாரும் கேட்கவில்லைதான். முதலில் சட்டை. வெள்ளை வேண்டாம், பொடிக்கோடு போட்டதும் வேண்டாம், கேமராவில் கோடுகள் நெளியும். ஒரே நாளில் இரண்டு மூன்று பகுதிகளைப் படம் பிடிப்பார்கள், ஆகவே மாற்றுச் சட்டை கட்டாயம். வேட்டி கட்டுகிறவர்கள் இடுப்பில் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். மைக்கின் பெட்டியை மாட்ட இடம் வேண்டும், இல்லையென்றால் வேட்டியும் பெட்டியும் சேர்ந்து இறங்கும் (பக்கத்துக் குழுவில் பார்த்தேன்). சர்க்கரை உள்ளவர்கள் பிஸ்கட் எடுத்துப் போங்கள். எட்டு மணிக்கு வரச் சொல்லி இரண்டு மணிக்குத்தான் மேடையேற்றுவார்கள். அழைப்பதற்கு முன் கழிப்பறைக்குப் போய் வந்துவிடுங்கள். மைக் மாட்டிய பிறகு போனால் அதை அணைத்துவிட்டுப் போங்கள். இதற்கு மேல் விளக்க விரும்பவில்லை.

அடுத்து பஸ்ஸர். சில போட்டிகளில் கேள்வி முடிவதற்குள் அமுக்கினால் பொத்தான் ஒரு கணம் பூட்டிக்கொள்ளும். நாம் பதற்றத்தில் திரும்பத் திரும்ப அமுக்குவோம், அது திரும்பத் திரும்பப் பூட்டும். எதிரே உள்ள பிள்ளை நிதானமாக ஒரே தடவை அமுக்கி எடுத்துக்கொண்டு போகும். வீட்டில் சுருள் வில் உள்ள பால்பாயிண்ட் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, செய்தி வாசிப்பவர் வாக்கியத்தை முடிக்கும்போது அமுக்கிப் பழகுங்கள். என் மனைவி மூன்று நாள் பொறுத்துக்கொண்டார், நான்காம் நாள் பேனாவைக் காணோம்.

வயதாக ஆக அறிந்தது குறைவதில்லை. ஆள் பெயரும் ஊர் பெயரும்தான் சட்டென்று வருவதில்லை. எனவே பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், கண்ணால் படித்தது மட்டும் போதாது. மகள் அவர்களுக்கு: பழைய பெயரோடு புதிய பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். "போர்ட் வெல்ட், இன்றைய கோலா செபெத்தாங்" என்று. ஐயாவுக்கு அடுத்த முறை சொல்லுங்கள்.

கிள்ளான் காளை

வாத்தியாரே, அனுபவம் நாலு வரி, அறிவுரை நாப்பது வரி. 🙂

ஆனா பூட்டிக்கிற பஸ்ஸர் பத்தி சொன்னது சரி. அமெரிக்காவோட 'ஜெப்பர்டி'லயும் அப்படித்தான். அதே நிகழ்ச்சியில 50 வயசு தாண்டினவங்களுக்குன்னே தனிப் போட்டி வச்சாங்க, 1987லேர்ந்து 1995 வரைக்கும். இங்கயும் அது மாதிரி வைங்கன்னு சொல்றேன். இருபது வயசுப் பிள்ளையோட விரலுக்கும் எழுபது வயசு விரலுக்கும் போட்டின்னா அது என்ன அறிவுப் போட்டி? எங்க மாமாவை அனுப்பலாம்னு பார்க்கிறேன்.

ஆயர் ஈத்தாம் பேரன்

தனிப் போட்டியா? பாட்டிகிட்ட கேட்டேன். "கிழடுங்க கூட மட்டும் போட்டி போட நான் எதுக்கு டிவிக்குப் போவணும், கோயிலுக்குப் போனா போதாதா"ங்குது. இங்க தண்ணீர்மலைக்கு 513 படி. அதை ஏறுற பாட்டிக்கு ஒரு பொத்தானை அமுக்க முடியாதா காளை?

மைக் மாட்டினவ

நான் அந்தப் பக்கம் இருந்தவ. காலேஜ் படிச்சப்ப பகுதிநேர வேலை, ஒரு நாளைக்கு 80 ரிங்கிட். எந்த நிகழ்ச்சின்னு சொல்லல.

முதல்ல செந்தூல் அக்காவுக்கு. எங்க போட்டியில எழுதிக் கையெழுத்து வாங்கின விதித்தாள்ல ஒரு வரி இருந்துச்சு. ஆட்சேபம் இருந்தா அந்தச் சுற்று முடியறதுக்குள்ள சொல்லணும், அப்புறம் நடுவர் முடிவே இறுதி. உங்க போட்டியிலயும் இருந்திருக்கலாம். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. பெரியவங்க யாருமே ஆட்சேபம் சொல்லி நான் பார்த்ததில்ல. சின்னப் பிள்ளைங்க சொல்வாங்க.

இப்ப என் கதை. அரங்கத்துக்குள்ள விடறதுக்கு முன்னாடி ஹேண்ட்போன், கைக்குறிப்பு எல்லாத்தையும் வாங்கி ஒரு தட்டுல வைக்கிறது என் வேலை. ஒரு அங்கிள், எழுபதுக்கு மேல, நீல பாத்தேக் சட்டை. பாக்கெட்லேர்ந்து ஒரு 555 நோட்டை எடுத்துக் கொடுத்தார். மளிகைக் கடையில கடன் எழுதுவோமே, அந்தக் குட்டி நோட்டு. "பத்திரம்மா"ன்னார். அவருக்கு மைக் மாட்டினப்ப நெஞ்சு அடிக்கிறது விரல்ல தெரிஞ்சது.

முதல் சுற்றுல மூணு கேள்விதான் அவருக்கு வந்துச்சு. மூணும் புதுப் படம், புதுப் பாட்டு. தோத்தார். எல்லாருக்கும் கை கொடுத்தார், எனக்கும் கொடுத்தார், போயிட்டார். ராத்திரி தட்டைக் காலி பண்றப்ப அந்த நோட்டு கிடந்துச்சு.

முதல் ஆறு பக்கம் கடைக்கணக்கு. அரிசி, மில்க் டின், மண்ணெண்ணெய், ஒவ்வொரு பக்கத்துலயும் குறுக்குக் கோடு போட்டு 'தீர்ந்தது'. அதுக்கப்புறம் ஊசி மாதிரி கையெழுத்துல கேள்வி-பதில். பேட்மிண்டன்ல நம்ம நாடு ஜெயிச்ச தாமஸ் கிண்ணம் 1949, 1952, 1955, 1967. 1992 மட்டும் பின்னாடி ஞாபகம் வந்து சிவப்பு மையில. ஓட்டக்காரர் ஜெகதீசன், பேங்காக் ஆசிய விளையாட்டு 1966, மூன்று தங்கம். முதல் உலகத் தமிழ் மாநாடு, கோலாலம்பூர், 1966 ஏப்ரல், தனிநாயகம் அடிகள். பத்துமலை 272 படி, முருகன் 140 அடி. ஒரு கேள்விகூட அதுலேர்ந்து வரல.

பேர் இல்ல, நம்பர் இல்ல. ஆபீஸ்ல கொடுத்தா குப்பைக்குப் போயிடும்னு எடுத்துட்டு வந்துட்டேன். எட்டு வருஷமா என் அலமாரியிலதான் இருக்கு.

பழைய வாத்தியார்

அம்மா, அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். கையெழுத்தைப் பார்த்தால் யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள். மேலும் 555 நோட்டின் தாள் சீக்கிரம் மஞ்சளாகும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, கூடவே கொஞ்சம் சிலிக்கா...

கிள்ளான் காளை

வாத்தியாரே, போதும்.

ஆனா படத்தைப் போடும்மா தங்கச்சி. எங்க மாமாகிட்டயும் ஒரு நீல பாத்தேக் சட்டை இருக்கு. சந்தேகம்தான், இருந்தாலும் கேட்டுப் பார்க்கிறேன்.

செந்தூல் மகள்

தைப்பிங்காரன் அண்ணா, படம் வந்துச்சு, நன்றி. அப்பா ஹேண்ட்போனை வாங்கி ரெண்டு விரலால பெரிசாக்கினார். தமிழ் எழுத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். "பக்கத்துல காப்பிக்கடை மாதிரி தெரியுதே"ன்னார். அப்புறம் தபால்கார அங்கிளுக்குப் போன் போட்டார், வாத்தியார் அங்கிளுக்கும் போட்டார். சனிக்கிழமை காலையில ஆறு மணிக்குக் கிளம்பணுமாம், வண்டி நான் ஓட்டணுமாம். போட்டியில கொடுத்த ஆறுதல் பரிசுக் கூடையில ஒரு பிஸ்கட் டின் இன்னும் பிரிக்காம இருக்கு, அதையும் எடுத்து வைக்கச் சொல்லிட்டார். தேதி முடிஞ்சிருச்சுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறார்.

கை தட்டினதைப் பத்தி அவர்கிட்ட இன்னும் பேசல. அதுக்கு மட்டும் யாரும் யோசனை சொல்லாதீங்க, வாத்தியார் ஐயா உட்பட.